விலையுணவும் பத்தியமும்

உடம்பொடு கூடி வாழும் உயிர்க்கு உணவு இன்றியமையாததாதல் யாவரும் அறிந்ததே. அவ்வுணவு மக்கட்கு மூன்று வழியாற் கிடைக்கின்றது. தம் இல்லத்தே சமைத்து உண்பது ஒன்று. விருந்தாகவேனும் அறமாகவேனும் பிறர் இட உண்பது ஒன்று. விலை கொடுத்து வாங்கி உண்பது மற்றொன்று. இவற்றுள் முன்னைய இரண்டும் இல்வாழ்க்கை என்றும், விருந்தோம்பல் என்றும், மாகேசுர பூசை என்றும் நம் நூல்களிற் பலபடப் பேசப்பட்டன. மூன்றாவதாகிய விலையுணவும் பழமையுடையதே. மதுரை மாநகரிற் பண்ணியம் விற்றோரை மதுரைக்காஞ்சி நமக்குக் காட்டுகின்றது. ஆயினும் அஃது அற ஆராய்ச்சிக்கு உரிய தனிப்பொருளாக மிகுதியும் எடுத்துக்கொள்ளப்படவில்லை. இன்றோ, அலுவலகஞ் செல்வார், கல்லூரி மாணவர், தலயாத்திரை புரிவார், ஊர்தோறுஞ் சென்று சொற்பொழிவு ஆற்றுவார் ஆகிய பலர்க்கும் உண்டிச்சாலையே அடுக்களையாக அமைந்துவிட்டது.

ஆகலின் ஒரு வினா எழுகின்றது. உடல்நலங் கருதி உணவிற் கட்டுப்பாடு மேற்கொண்ட ஒருவர், பிறர் சமைத்துப் பிறர் அளவிட்டுப் பிறர் விலை வகுத்த உணவை உண்ண நேருங்கால், தம் கட்டுப்பாட்டைக் காத்தல் கூடுமோ? காவாது தவறுவராயின் அத்தவறு உண்டாரைச் சாருமோ, விற்றாரைச் சாருமோ? இவ்வினா மருத்துவர்க்கே உரியது என்று ஒதுக்கத்தக்கதன்று. இச்சை, அறிவு, செயல் என்னும் மூன்றும் ஒருவர்பால் எம்முறையில் தொழிற்படுகின்றன என்னும் ஆராய்ச்சி இதனுள் அடங்கிக் கிடத்தலின், மெய்ந்நூல் பயில்வார்க்கும் இஃது உரியதே என்பது எம் கருத்து.

இவ்வினாவின் அவசியத்தை முதற்கண் உணர்தல் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சார்பில் நாடெங்கும் நிகழ்ந்து 2023-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு, இந்நாட்டில் நீரிழிவுடையார் ஏறத்தாழ 10.1 கோடியர் என்றும், அந்நோயின் வாயிலில் நிற்போர் 13.6 கோடியர் என்றும் மதிப்பிட்டது. 2019 முதல் 2021 வரை நிகழ்ந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வரை வயதுடையாருள், பெண்டிரில் 40.4 விழுக்காட்டினரும் ஆடவரில் 37 விழுக்காட்டினரும் மிகையெடை உடையார். ஆகவே பத்தியம் என்பது நோயாளர் சிலர்க்கே உரிய செய்தி என்று இனிக் கூறுதல் இயலாது. நம் மடங்களிலும் கழகங்களிலும் ஆண்டு விழாவிற்குக் கூடும் அன்பர்களுட் பலர் மாத்திரையை மடியில் வைத்துக்கொண்டே பந்தியில் அமர்கின்றனர்.

இனி, பத்தியம் என்றது யாது? உணவை அறவே விடுத்தல் உபவாசம். அது கால வரையறை உடையது. பத்தியமோ உண்டுகொண்டே அடங்குதல். உண்ணாதிருத்தலினும் அளந்துண்டல் அரிது என்பது முயன்றார்க்குப் புலனாம். உண்ணாமைக்கு ஒருமுறை துணிதல் அமையும். அளந்துண்டற்கோ கவளந்தோறுந் துணிதல் வேண்டும். திருவள்ளுவனார் மருந்து என்னும் 95-ஆம் அதிகாரத்திற் சூரணங்களையும் குளிகைகளையும் எடுத்தோதாது, முன்னுண்டது செரித்தமை அறிந்து அளவோடு உண்டலையே பெரிதும் வற்புறுத்தினமை நோக்கத்தக்கது. அறிதல், அளத்தல் என்னும் இரண்டுமே பத்தியத்தின் உயிர்நிலை. தம் பசியைத் தாமே அறிதல் வேண்டும். தம் உணவைத் தாமே அளத்தல் வேண்டும். விலையுணவில் இடர்ப்பாடு விளைவது இவ்விரண்டிடத்துமே ஆம்.

ஈண்டு ஒரு வரலாற்றுச் செய்தி நினைவுகூரத்தக்கது. மேனாட்டார் உண்டிச்சாலையை ரெஸ்டாரண்ட் என வழங்குவர். அச்சொல் பிரஞ்சு மொழியில் முதற்கண் உண்ணும் இடத்தைக் குறித்ததன்று. மெலிந்தார்க்கு வலிமை மீட்டுத் தருவதாகக் கருதப்பட்ட ஊன்சாற்றையே குறித்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாரிசு நகரில் அச்சாற்றை விற்ற இடங்களே நாளடைவில் அப்பெயரைத் தமக்குரியதாகப் பெற்றன. நலிந்தார்க்கு மருந்தாக நின்ற ஒன்றன் பெயரைத் தாங்கிய இடம், நலமுடையாரும் நலிவெய்தும் இடமாக மாறியது எங்ஙனம்? இதனை ஆராயுமிடத்து, உண்பார் கையிலிருந்த மூன்று பொருள்கள் விற்பார் கைக்கு மாறினமை விளங்கும். அவை அளவு, சுவை, காலம் என்பன.

முதலாவதாகிய அளவை நோக்குவோம். இல்லத்திற் பரிமாறுவார் உண்பவர் முகமறிவார். இவர்க்கு இன்று எவ்வளவு ஏற்கும் என்பதை அவர் கை அறியும். உண்டிச்சாலையில் அளவு ஆளை நோக்கி அமைவதன்று. விலையை நோக்கி அமைவது. எட்டு வயதுச் சிறுவற்கும் எண்பது வயது முதியவர்க்கும் தோசை ஒன்றே. அவ்வளவு முன்வந்து நின்றபின், உண்பவர் தம் பசியை அளவுகோலாகக் கொள்ளாது தட்டையே அளவுகோலாகக் கொள்கின்றனர். அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பார்பரா ரோல்ஸ் என்பாரும் அவர் குழுவினரும் 2002-இல் வெளியிட்ட சோதனை இதற்குச் சான்றாம். ஒரே வகை உணவை 500 கிராம் முதல் 1000 கிராம் வரை நான்கு வேறு அளவினதாக வெவ்வேறு நாட்களில் வைத்தபொழுது, மிகச் சிறிய அளவு வைத்த நாளினும் மிகப் பெரிய அளவு வைத்த நாளில் அவர்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு மிகுதியாக உட்கொண்டனர். பசி மாறிற்றில்லை, பாத்திரத்திலிருந்த அளவே மாறிற்று.

இரண்டாவது சுவை. உப்பும் சர்க்கரையும் எண்ணெயும் வயிற்றின் நிறைவை மறைத்து நாவின் வேட்கையை நீட்டிக்கும் இயல்பின. மாவுப்பொருள் ஒரு கிராமிற்கு 4 கலோரி ஆற்றல் தர, கொழுப்பு 9 கலோரி தருகின்றது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி உடையது. இல்லத்தில் எண்ணெய்க் கிண்ணம் நம் கண்முன் உள்ளது. உண்டிச்சாலையில் அது சுவருக்கு அப்பால் உள்ளது. உலகச் சுகாதார நிறுவனம் ஒருவர்க்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமிற்குக் குறைதல் வேண்டும் என்று வரையறுத்துள்ளது. சாம்பாரில் ஒரு பங்கு, சட்டினியில் ஒரு பங்கு, வடையில் ஒரு பங்கு, ஊறுகாயிலும் அப்பளத்திலும் வேறு பங்கு எனப் பிரிந்து வரும் உப்பைத் தனித்தனியே நா அறியும்; அவற்றின் தொகையை அஃது அறியாது.

மூன்றாவது காலம். விரைவுணவு என்னும் முறை இதனைப் பற்றியதே. அமெரிக்க நாட்டுச் சான் பெர்னார்டினோ என்னும் ஊரில் மெக்டொனால்டு உடன்பிறந்தார் இருவர் தம் கடையை 1948-இல் தொழிற்சாலை போல ஒழுங்கு செய்து, உணவை நொடிப்பொழுதில் வழங்கும் முறையை நிறுவினர். அப்பெயருடைய கடை 1996-இல் இந்தியாவிற்கும் வந்தது. சமையலின் விரைவு உண்ணுதலிலும் விரைவாகின்றது. வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்டச் சிறிது பொழுது செல்லும். அச்செய்தி எட்டுமுன் உணவு முடிந்துவிடுகின்றது. அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனங்களில் கெவின் ஹால் என்பார் தலைமையில் நிகழ்ந்து 2019-இல் வெளிவந்த ஆய்வில், 20 பேர்க்கு இரண்டு வாரம் ஆலைவகையிற் பெரிதும் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் இயற்கையோடொட்டிய உணவும் வழங்கப்பட்டன. வைத்த உணவின் ஆற்றலும் சர்க்கரையும் கொழுப்பும் நாரும் இருவகையிலும் ஒப்பவே அமைக்கப்பட்டன. அங்ஙனமிருந்தும், பதப்படுத்திய உணவுண்ட நாட்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி மிகையாக உண்டனர், விரைந்தும் உண்டனர்.

இவ்விடத்து நம்மவர்க்கு உரிய ஒரு மயக்கத்தையும் களைதல் வேண்டும். உண்டிச்சாலை வாயிலிற் சைவம் என்று எழுதிய பலகை கண்டவுடன், இனி ஐயமில்லை என்று உள்ளே புகுவார் பலர். புலால் மறுத்தல் பேரறம் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயின் அப்பலகை ஓருயிரைக் கொன்றிலம் என்பதற்கு உறுதி கூறுமேயன்றி, உண்பவர் உடம்பிற்கு ஊறு செய்யோம் என்பதற்கு உறுதி கூறாது. எண்ணெயில் மிதந்தெழும் பூரியும் சைவமே. நெய்யில் ஊறிய பொங்கலும் சைவமே. மைதாமாவுப் பரோட்டாவும் சர்க்கரைப்பாகில் மூழ்கிய இனிப்பும் சைவமே. கொல்லாமை என்னும் விரதம் பிறவுயிரை நோக்கியது. பத்தியம் தன்னுடம்பை நோக்கியது. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்புமாறில்லை.

இனி, தவறு யாரைச் சாரும் என்னும் வினாவிற்கு வருவோம். விற்பாரே இவ்வளவுஞ் செய்தாராகலின் உண்பார்க்குக் குற்றமில்லை எனின், அற்றன்று. வாயிற்படி ஏறியவரும் வேண்டிய பண்டத்தைச் சொல்லியவரும் உண்பவரே. அற்றேல் மனவுறுதி இன்மையாகிய குற்றம் முழுதும் உண்பார்க்கே எனின், அதுவும் அன்று. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்புடையது என்பது நம் சித்தாந்தத்தின் துணிபு. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைத் தான் காட்டி நிற்றல்போல, உயிரும் தான் அடுத்ததன் தன்மையைக் கொண்டு நிற்கும். அவ்வியல்புடைய உயிரைத் தாளிப்பு மணமும், பண்டங்களின் ஒளியும், பக்கத்து இலையின் நிறைவும் சூழ்ந்த இடத்தில் பசியோடு அமர்த்திவிட்டு, அந்நொடியில் நீ தனித்து நின்று வெல்வாயாக என்று கூறுதல், அதன் இயல்பை அறியாதார் கூற்றாம்.

அறிவு இருப்பின் அடங்குவர். ஆதலின் ஒவ்வொரு பண்டத்தின் ஆற்றலளவையும் எழுதி வைத்தால் அமையும் என்பாரும் உளர். அம்முறை உலகிற் செய்து பார்க்கப்பட்டதே. நியூயார்க்கு நகரம் 2008-இல் இதனைத் தொடங்கிற்று. அமெரிக்க நாடு முழுவதும் 20-க்குக் குறையாத கிளையுடைய கடைகள் 2018 முதலும், இங்கிலாந்தில் 250-க்குக் குறையாத பணியாளரையுடைய நிறுவனங்கள் 2022 ஏப்ரல் முதலும் கலோரி அளவை எழுதிக் காட்டுகின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிக் காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வுத் தொகுப்பமைப்பு 2025-இல் வெளியிட்ட முடிவு யாதெனின், இவ்வெழுத்தால் உணவின் ஆற்றல் சராசரியில் 1.8 விழுக்காடு குறைகின்றது என்பதே. 600 கலோரி உணவில் இஃது 11 கலோரி அளவாம். பலகோடி மக்கள் தொகையில் இச்சிறு குறைவும் பயனுடையதே. வேண்டா என்று தள்ளத்தக்கதன்று. ஆயின், இச்சை எழுந்து செயலைப் பற்றிய பின்னர் வரும் செய்தியறிவு வலிகுன்றி நிற்கும் என்னும் உண்மையை இது நன்கு காட்டுகின்றது. அறிவு பயன்படும் இடம் இலைக்கு முன்னன்று. இலைக்கு முற்பட்ட பொழுதாம்.

இதுவே யாம் இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்புவது. பத்தியம் உண்ணும்பொழுது காக்கப்படுவதன்று, உண்பதன்முன் காக்கப்படுவது. சார்ந்ததன் வண்ணமாம் உயிர்க்குள்ள உரிமை, சார்ந்தபின் நிறம் மாறாதிருத்தலில் மிகுதியாக இல்லை. எதனைச் சார்வது என்று தெரிந்து கொள்ளுதலிலேயே மிகுதியாக உள்ளது. எந்தக் கடை, எந்தப் பொழுது, எந்தத் துணை, எத்தனை பண்டம் என்னும் நான்கினையும் பசி முதிருமுன் துணிந்தவர்க்கு, உள்ளே அமர்ந்தபின் போராட வேண்டுவது சிறிதே. உண்பவர் பொறுப்பு இங்குத்தான் உளதாகின்றது; அப்பொறுப்பு இங்கு அவரால் தாங்கவும் தக்கது.

இக்கருத்தால் நெடுநாளைய ஓர் அறச்சிக்கலும் தீர்கின்றது. உணவை வீணாக்குதல் பாவம் என்று கேட்டு வளர்ந்தவர் நாம். முழுச்சாப்பாடு என்னும் பெயரால் இலைநிறையப் படைக்கப்பட்டபின், வயிறு போதும் என்கின்றது. நெஞ்சமோ எறியலாகாது என்கின்றது. கொடுத்த விலைக்கு ஈடாக உண்ணவேண்டும் என்னும் எண்ணமும் உடன்சேர்கின்றது. இந்நிலையில் உண்பதா, விடுவதா? மிஞ்சியதை உண்டமையால் பசித்தவன் ஒருவன் வயிறும் நிறைவதில்லை. குப்பைத்தொட்டிக்குச் செல்லும் பொருளைத் தன் வயிற்றிற்கு மாற்றினமையே அதன் பயன். கொடுத்த விலையும் மீளாது. மருந்தின் விலை மேலுஞ் சேரும். ஆகவே வீணாக்கல் என்னும் குற்றம் எஞ்சியதை விடுத்தபொழுது நிகழ்ந்ததன்று. தன் அளவை அறியாது பணித்தபொழுதே நிகழ்ந்து முடிந்தது. அக்குற்றத்தை மிகையுண்டல் என்னும் மற்றொரு குற்றத்தாற் கழுவுதல் இயலாது. சோறு வைக்குமுன் கைமறித்து இவ்வளவு போதும் என்றலும், வேண்டாத தொட்டுகறியை இலையில் இடாமல் விலக்கச் சொல்லுதலும், முழுச்சாப்பாட்டை விடுத்து அளவுச்சாப்பாடு கேட்டலும், மிகுதியைத் தொடாது கட்டி வாங்கிச் சென்று பிறர்க்கு அளித்தலும் இரு குற்றத்தினின்றும் நம்மைக் காப்பனவாம்.

இனி, இத்துணிபு நடைமுறையில் நிற்குமாறு சில கூறுதும். கடும்பசியோடு உண்டிச்சாலை புகலாகாது. முற்பட ஒரு குவளை மோரோ ஒரு பழமோ உட்கொண்டு செல்வார்க்கு அறிவு கலங்குவதில்லை. பண்டங்களின் பட்டியலை முழுதும் படித்தல் பலர்க்கு இச்சையை வளர்க்கும் வாயிலாதலின், வேண்டியதை வீட்டிலேயே துணிந்து சென்று அதனையே கேட்டல் நன்று. ஆவியில் வெந்த இட்டலியும் இடியாப்பமும் எண்ணெய் இன்மையால் நல்லனவே; ஆயினும் அரிசிப் பண்டங்களாதலின் நீரிழிவுடையார் எண்ணிக்கை மறத்தலாகாது. சாம்பாரிலுள்ள பருப்பையும் காயையும் மிகுத்து, தேங்காய்ச் சட்டினியைக் குறைத்தல் தக்கது. தோசை வேண்டுவார் எண்ணெய் குறைத்துச் சுடுமாறு முன்னரே சொல்லலாம். பெரும்பான்மைக் கடைகளில் இதனை மறுப்பாரில்லை. நண்பகல் உணவிற் பொரியல், கூட்டு, பருப்பு என்பவற்றை முதலில் உண்டு சோற்றைப் பின்னர் உண்டால், உணவின்பின் குருதிச் சர்க்கரை ஏறும் அளவு குறைதலை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். காப்பியைச் சர்க்கரையின்றித் தருக என்பதற்கு நாணவேண்டுவதில்லை.

விரைவுணவுக் கடை புகநேரின், அங்குக் காக்கவேண்டிய இடம் வேறு. ஒரு பண்டத்தைக் கேட்டார்க்கு, பொரித்த உருளைக்கிழங்கும் இனிப்பு நீரும் சேர்த்தால் விலை மலிவு என்று கூறித் தொகுப்பாகத் தருதல் அக்கடைகளின் வழக்கம். மலிவு என்பது பணத்திற்கே, உடம்பிற்கு அன்று. தனிப்பண்டமாகவே வாங்குதல், சிறிய அளவையே கேட்டல், இனிப்பு நீருக்கு மாறாகத் தண்ணீர் பருகுதல் என்னும் மூன்றுமே அவ்விடத்துப் பத்தியமாம். ஒரு நாளைக்கு 2000 கலோரி உண்பார்க்குச் சேர்க்கைச் சர்க்கரை 50 கிராமிற்கு மேற்படலாகாது என்றும், 25 கிராமிற்குள் நிற்பின் மேலும் நன்றென்றும் உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை கூறுகின்றது. பெரிய குவளை இனிப்பு நீர் ஒன்றே அவ்வரையறையை நிரப்பிவிடும்.

நண்பரோடு செல்லுங்கால் வரும் இடர் தனிப்பட்டது. அன்பின் மிகுதியால் இன்னும் ஒன்று என்று வற்புறுத்துவாரை மறுத்தல் கடினம். அவர் அன்பை ஏற்றுப் பண்டத்தை மறுக்கும் இன்சொல் வேண்டும். மருத்துவர் விலக்கினார் என்னும் ஒருசொல் போதியது. நீண்ட விரிவுரை பிறர் உணவின் இனிமையைக் கெடுக்கும். வற்புறுத்துவாரும் ஒன்று நினைத்தல் வேண்டும். உண்பிக்கும் விருப்பம் எத்துணை நன்றாயினும், மறுப்பவரின் உடல்நிலை அறியாது ஊட்டுதல் உபசாரம் ஆகாது.

இங்ஙனம் உடம்பை ஓம்புதல் பற்றிப் பேசுதல் மெய்ந்நூற்கு இழுக்காகாதோ, உடம்பு நிலையாதன்றோ எனின், நிலையாமையை உணர்தல் வேறு, கருவியைக் கெடுத்தல் வேறு. தனுவும் கரணமும் உயிர்க்கு உதவும்பொருட்டு இறைவனால் அருளப்பட்டன என்று கொள்வார், அவற்றை நாவின் ஏவலுக்கு இரையாக்குதல் கொடுத்தவனை மதியாமையாம். அற்றேல், நோய் நுகர்வினையால் வருவது, பத்தியத்தால் ஆவதென் எனின், நுகர்வினை உண்மையால் ஏறுவினை இல்லையாகாது. நெய்த்தோசையை விரும்பி வரவழைத்து உண்டுவிட்டு, விளைந்த நோயைப் பிராரத்தம் என்று ஒதுக்குவார், தாம் அன்று செய்த வினையைக் கணக்கில் எழுத மறந்தவரே ஆவர். பத்தியங் காத்தும் நோய் நீங்காதவிடத்து அதனை அமைதியோடு ஏற்றற்கு வினைக்கொள்கை துணையாகும். பத்தியத்தை விடுத்தற்கு அது சாக்காகாது.

உண்பார் பொறுப்பு இதுவாக, விற்பார் பொறுப்பும் கூறாதொழியின் ஆராய்ச்சி குறையுடையதாம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், சமையலிற் பலமுறை காய்ச்சிய எண்ணெயில் உண்டாகும் முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டிற்கு மேற்படின் அவ்வெண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்னும் வரையறையை 2018 சூலை முதல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களிற் கிளையுடைய உணவு நிறுவனங்கள் தம் பண்டங்களின் கலோரி அளவைப் பட்டியலிற் காட்டுதல் வேண்டும் என்பது அவ்வாணையத்தின் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் உள்ளது. சட்டம் கேட்பது இவ்வளவே. அறம் கேட்பது இன்னும் சிறிது உண்டு. அரை அளவை அரை விலைக்குத் தருதலும், எண்ணெயும் உப்பும் குறைத்த பண்டம் இரண்டேனும் நாள்தோறும் வைத்தலும், குறைவாகக் கேட்பவரை முகங்கோணாது நோக்குதலும் வணிகர்க்கு இழப்பாகா. உண்பவர் பலகாலம் நலத்தோடு வாழ்ந்து வந்துண்ணுதலே கடைக்கும் நிலைத்த ஊதியமாம்.

இறுதியாக ஒன்று. பத்தியங் காப்பார்க்கு ஒரு நுண்ணிய இடர் உண்டு. அஃது, உண்பவரை இகழும் செருக்கு. பக்கத்து மேசையில் பரோட்டா உண்ணும் தொழிலாளி தன் நாவடக்கம் அற்றவன் என்று எண்ணுதல் எளிது. அவன் அடுப்பில்லாத ஓர் அறையில் ஐவரோடு தங்குபவனாக இருக்கலாம். பன்னிரண்டு மணிப்பொழுது உழைத்தபின் அவ்விலைக்கு வயிறு நிரப்புவது அஃதொன்றேயாக இருக்கலாம். தெரிவு செய்தற்கு வாய்ப்புடையார்க்கே தெரிந்துண்ணும் கடமை மிகுதியாக உண்டு. வாய்ப்பிலார்க்கு நல்லுணவு எட்டும் விலையிற் கிடைக்கச் செய்தல் அவரல்லாத நம் போல்வார் கடமையாம். முன்னாளில் வழிச்செல்வார்க்குச் சத்திரங்கள் சோறிட்டன. இந்நாளில் தலயாத்திரை வருவார் பல்லாயிரவர் திருவண்ணாமலை முதலிய ஊர்களில் விலையுணவையே நம்பியுள்ளனர். மடங்களும் திருக்கோயிற் குழுக்களும் தாம் இடும் அன்னத்திற் காயும் பருப்பும் மிகுத்து, இனிப்பும் எண்ணெயும் குறைத்து, நீரிழிவுடைய அடியார்க்கு ஏற்பதொன்றும் உடன்வைப்பின், அது பசிப்பிணியோடு ஏனைப் பிணிகளையும் தடுக்கும் அறமாம்.

ஆகவே, விலையுணவு உண்ணுதல் தானே குற்றமன்று. அளவை விலைக்கு விற்றுவிடுதலே குற்றம். பணங் கொடுத்து உணவை வாங்குவோம். நம் பசியை அறியும் அறிவையும், போதும் என்னும் சொல்லையும் கடைவாயிலில் விட்டுச் செல்லாதிருப்போம். அச்சொல்லை இலை விரிக்குமுன் சொல்லப் பழகினார்க்கு எவ்வூர் உண்டிச்சாலையும் ஏதமின்றி அமையும்.